எங்கே என்பது கடைசிக் கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களின் விடுமுறைப் பயணம்

'நான் விரும்பிச் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால், நம் மாணவர்களில் பாதிப்பேர் லங்காவிக்கும் மீதிப்பேர் கேமரன் மலைக்கும் போய்விட்டு வருவார்கள். அதிகாலையில் எழுந்தார்கள், அப்பா காரை எடுத்தார், வழியில் பசியாறினார்கள், இயற்கைக் காட்சிகளைக் கண்டு களித்தார்கள், மாலையில் மனமில்லாமல் வீடு திரும்பினார்கள். படிவம் 5 வரைக்கும் இந்தக் கட்டுரைதான். பயணத்தை யார் திட்டமிட்டது, எவ்வளவு செலவானது, எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஏன்னா, அதையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே மாணவர் மான்செஸ்டரிலோ கிளாஸ்கோவிலோ படிக்கப் போகிறார். டிசம்பர் வருகிறது. விடுதியில் உடன் தங்கியிருப்பவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நம்மவர் கோலாலம்பூருக்கு வந்துபோக விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைக்கிறார். அடுத்த மூன்று வாரத்தை எங்கே, எப்படிக் கழிப்பது? இந்த முறை பதில் சொல்ல அப்பா பக்கத்தில் இல்லை.

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் செல்லத்தக்க இடங்களைப் பற்றி இணையத்தில் பட்டியல்களுக்குக் குறைவில்லை. 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று வரிசையாக இருக்கும். பட்டியல் எல்லாருக்கும் பொது. மாணவருடைய நிலைமை வேறு. அவருக்குத் தேர்வு உண்டு, விசா உண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு எல்லை உண்டு. அதனால் 'எங்கே போகலாம்?' என்பதை அவர் கடைசியில்தான் கேட்க வேண்டும். எப்போது, எந்த ஆவணத்தோடு, எவ்வளவு பணத்தில், யாரோடு என்ற நான்கு கேள்விகளை முதலில் முடித்துவிட்டால், இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

எடுத்துக்காட்டாகப் பிரிட்டனை வைத்துக்கொள்வோம். நம் மாணவர்கள் நெடுங்காலமாகச் சென்று படிக்கும் நாடு அது. ஆஸ்திரேலியாவில் படிப்பவர்களுக்குப் பருவம் தலைகீழ். டிசம்பரில் அங்கே கோடைக்காலம், நீண்ட விடுமுறையும் அப்போதுதான். நாடு மாறினால் பதில்கள் மாறும். கேள்விகளின் வரிசை மாறாது.

எப்போது? மூன்று விடுமுறை, மூன்று பருவம்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் பொதுவாக மூன்று பெரிய விடுமுறைகள் வரும். கிறிஸ்துமஸ் விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி மூன்று நான்கு வாரம் நீடிக்கும். ஈஸ்டர் விடுமுறை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். கோடை விடுமுறை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை போகும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விடுமுறை என்ற பெயர் இருந்தாலும் எல்லாம் ஓய்வுநாள் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் ஜனவரியில் ஒரு தேர்வும் மே மாதத்தில் ஒரு தேர்வும் இருக்கும். அப்படியானால் கிறிஸ்துமஸ் விடுமுறையும் ஈஸ்டர் விடுமுறையும் மீள்பார்வைக்கான காலம். முதுகலை மாணவர்களுக்குக் கோடையும் கிடையாது. ஆய்வேடு எழுதும் மாதங்கள் அவை. மாணவர் விசாவின் விதிகளும் பெரும்பாலும் அவற்றைக் கல்வித்தவணையாகவே கருதும். 'அண்ணனுக்கு மூன்று மாதம் லீவு கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்' என்று டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. இளங்கலை படித்த அண்ணனின் கதை வேறு.

இரண்டாவது, வெளிச்சம். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். வருஷம் முழுவதும் ஏழு மணிவாக்கில் விடிகிறது, ஏழு மணிவாக்கில் இருட்டுகிறது. அதனால் பகல் நீளும், குறுகும் என்பதைப் பாடநூலில் படித்திருந்தாலும் மனத்தில் பதிவதில்லை. டிசம்பர் கடைசியில் லண்டனில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் வரும். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். மொத்தப் பகல் ஏறக்குறைய 8 மணி நேரம். எடின்பரோவில் அது 7 மணி நேரம்தான். ஜூனில் அதே எடின்பரோவில் பகல் 17 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். ஏரிக்கரையில் நடக்கலாம், மலைமேல் ஏறலாம் என்று டிசம்பரில் போனால், மதிய உணவு முடித்து வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரே இடம்தான், ஆனால் டிசம்பரில் ஓர் ஊர், ஜூனில் வேறோர் ஊர்.

கிறிஸ்துமஸ்: கிட்டப் போகும் காலம்

குளிர்கால விடுமுறைக்கு நான் சொல்லும் ஆலோசனை, தூரம் போகாதீர்கள் என்பதுதான். பகல் குறைவு, பயணச் செலவு கூடுதல், தேர்வும் பக்கத்தில். கட்டடத்துக்குள் பார்க்க வேண்டியவை நிறைந்த நகரமே இந்தப் பருவத்துக்கு ஏற்றது.

யார்க் நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பழைய நகரத்தைச் சுற்றியிருக்கும் மதில்மேல் காசு கொடுக்காமலே நடக்கலாம். தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக்கட்டணம் இல்லை. 1938ஆம் ஆண்டு மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நீராவி ரயில் எஞ்சின்களில் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001ஆம் ஆண்டு முதல் கட்டணம் இல்லை என்பதை மாணவர்கள் நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம். லண்டனில் மட்டும் ஒரு வாரம் சுற்றினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முடியாது.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் ரயில் ஓடாது. லண்டன் பாதாள ரயிலும் ஓடாது. உள்ளூர்ப் பேருந்துகளும் ஏறக்குறைய இல்லை. மறுநாளும் சேவை மிகக் குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் 24 முதல் 26 வரை மூடிவிடும். நம் நாட்டில் பெருநாள் என்றால் ஏதாவது ஒரு கடையாவது, குறைந்தது ஒரு மாமாக் கடையாவது திறந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் போய் நிற்பவர்கள் ரொட்டிக்கும் முட்டைக்கும் அலைவார்கள். 23ஆம் தேதிக்குள் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வாங்கி வைத்துவிட வேண்டும். வெளியூரில் தங்குவதாக இருந்தால் 24ஆம் தேதி பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் தனிமை. காலியான விடுதி, நான்கு மணிக்கே இருட்டு, வீட்டோடு எட்டு மணி நேர வித்தியாசம். முதல் வருஷ மாணவர்களில் பலர் தளர்ந்துபோவது அக்டோபரில் இல்லை, இந்த மூன்று வாரத்தில்தான். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் 'எங்கே' என்பதைவிட 'யாரோடு' என்பதுதான் முக்கியம். வீட்டுக்குப் போகாத மற்ற மாணவர்களை நவம்பரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சேர்ந்து சமைத்து, சேர்ந்து ஓர் ஊருக்குப் போய் வரலாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு ஏற்பாடு செய்யும் விருந்துக்கு வெட்கப்படாமல் பெயர் கொடுக்கலாம். லண்டனுக்குப் போக முடிந்தால் ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் தமிழ்க் கடைகளும் தோசைக் கடைகளும் முருகன் கோயிலும் இருக்கின்றன. ஹைகேட் மலையில் இன்னொரு முருகன் கோயில், விம்பிள்டனில் பிள்ளையார் கோயில். இவை வளர்ந்ததில் இலங்கைத் தமிழர்களின் பங்கு பெரிது. 'தம்பி எந்த ஊர்?' என்று ஒருவர் தமிழில் கேட்பது அந்த வாரத்தில் பெரிய ஆறுதல்.

சில கல்லூரிகளில் விடுதி ஒப்பந்தம் கல்வித்தவணைக்கு மட்டும்தான். விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டும், அல்லது தங்குவதற்குத் தனியாக அனுமதி கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஈஸ்டர்: கடப்பிதழைத் திறந்து பார்க்கும் காலம்

மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். பகல் நீளத் தொடங்கியிருக்கும், குளிரும் குறைந்திருக்கும். ஐரோப்பாவுக்குப் போய்வர இது நல்ல பருவம். லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலடிச் சுரங்கம் வழியே ரயிலில் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். நெதர்லாந்தின் கியூக்கென்ஹோஃப் தூலிப் பூங்கா மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைக்கும் மட்டும் திறந்திருக்கும். ஈஸ்டர் விடுமுறை அதற்குள் அமைந்துவிடும். ஸ்பெயினின் செவில் போன்ற நகரங்களில் ஈஸ்டருக்கு முந்திய வாரம் பெரிய ஊர்வலங்கள் நடக்கும். காண அருமையாக இருக்கும், ஆனால் தங்கும் விலையும் ஏறிவிடும்.

இங்கேதான் ஆவணம் என்ற இரண்டாவது கேள்வி வருகிறது. ஐரோப்பாவின் 29 நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே எல்லை வட்டாரமாக இயங்குகின்றன. மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் அந்த வட்டாரத்துக்குள் விசா இல்லாமல் சென்று, எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். கடப்பிதழ், நாம் வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. அதற்காக நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போக வேண்டும். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுக்கும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது கட்டாயம்.

நமக்கு விசா தேவையில்லை என்பதால் நம் மாணவர்கள் பல நேரங்களில் கூட வருபவரை மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் நெருங்கிய தோழி சென்னையிலிருந்து வந்தவர், தோழர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கடப்பிதழுக்கும் இலங்கைக் கடப்பிதழுக்கும் ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாளுக்கு முன். ஆனால் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். நான்கு பேராகச் சேர்ந்து பாரிஸுக்கு டிக்கெட் எடுத்த பிறகு ஒருவரால் வர முடியாது என்று தெரிந்தால், போவது மற்ற மூவரின் பணமா, நட்பா? 'உன் கடப்பிதழ் எந்த நாடு?' என்று முதலிலேயே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அதுதான் அக்கறை.

அயர்லாந்து விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. பெல்பாஸ்ட் நகரம் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. டப்ளின் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது; அது ஷெங்கனிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே நில எல்லையில் நிரந்தரச் சோதனைச் சாவடி கிடையாது. ரயிலில் ஏறினால் டப்ளின் வந்துவிடும். ஆனால் சோதனை இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. மலேசியர்களுக்கு அங்கேயும் விசா தேவையில்லை. இந்திய நண்பருக்குத் தேவைப்படலாம். அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் வட அயர்லாந்தோடு நிறுத்திக்கொள்வதே சரி. அங்கே 'ஜயன்ட்ஸ் காஸ்வே' கடற்கரை இருக்கிறது. எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியதால் உண்டான ஏறக்குறைய 40,000 கருங்கல் தூண்கள், பெரும்பாலானவை அறுகோண வடிவில், செதுக்கி வைத்ததுபோல் நிற்கும். 1986 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

திரும்பி வருவதையும் நினைக்க வேண்டும். பிரிட்டனில் அட்டை வடிவிலான வசிப்பிட அனுமதி 2024 முடிவோடு காலாவதியாகி, இப்போது விசா மின்னியல் வடிவில் கடப்பிதழோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இடையில் கடப்பிதழைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணைக் குடிநுழைவுக் கணக்கில் பதிந்துவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

கோடை: நடக்கும் காலம்

இளங்கலை மாணவர்களில் பலர் கோடையில் ஊருக்கு வந்துவிடுவார்கள். சிலர் தங்கி வேலை செய்வார்கள். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் கல்வித்தவணையின்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமாகவும் செய்யலாம். ஜூனில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஜூலையிலோ செப்டம்பரிலோ ஒரு வாரம் வெளியே போவது நல்ல திட்டம்.

வெளிச்சம் அதிகம் என்பதால் இயற்கை சார்ந்த இடங்களுக்கு இதுவே பருவம். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் இருக்கிறது. கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த வீடு அங்கே கிராஸ்மியர் என்ற சிற்றூரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியரும், மிக உயரமான மலையான 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக்கும் அந்த மாவட்டத்தில்தான். வேல்ஸில் எர் வித்வா என்ற ஸ்நோடன் மலை 1,085 மீட்டர்.

இந்த எண்களைப் பார்த்ததும் நம் மாணவர்கள் சிரிப்பார்கள். கினபாலு 4,095 மீட்டர், பினாங்குக் கொடிமலையே 833 மீட்டர், இது என்ன பெரிய மலையா என்று தோன்றும். உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மூடுபனி சூழும், காற்று பலமாக வீசும், கோடையிலும் உடல் நடுங்கும். மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, வழுக்காத காலணி, தண்ணீர், கைப்பேசி இல்லாமலும் பார்க்கக்கூடிய வரைபடம் இவை இல்லாமல் ஏறக் கூடாது. குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்திருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அப்போது ஏறவே கூடாது. ஆபத்து என்றால் 999 அழைத்து, முதலில் போலீசையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அந்தக் குழுவினர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்கள். வீட்டில் தூங்கும் ஒருவரை நம் அவசரத்துக்காக எழுப்புகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மலேய்க் வரை போகும் ரயில்பாதையில் 21 வளைவுகள் கொண்ட கிளன்ஃபினன் பாலம் வரும். ஹாரி பாட்டர் படங்களில் வந்த பாலம் அது. சுற்றுலா நீராவி ரயிலுக்கு விலை அதிகம், டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதே பாலத்தின்மேல் சாதாரண ரயிலும் போகிறது. விலை மிகக் குறைவு, காட்சி அதே காட்சிதான். கோடையில் அந்தப் பக்கம் 'மிட்ஜ்' என்ற பொடிப்பூச்சிகள் கூட்டமாகக் கடிக்கும். பூச்சி மருந்து கையில் இருக்கட்டும். ஆகஸ்ட் மாதத்தில் எடின்பரோவில் 1947 முதல் நடந்துவரும் கலைவிழாக்களுக்குக் கூட்டம் குவிவதால் தங்குமிட விலை பல மடங்காகும். விழாவைப் பார்ப்பதே நோக்கம் என்றால் போகலாம். ஊரைப் பார்ப்பது நோக்கம் என்றால் வேறு மாதம் பார்க்கலாம்.

எவ்வளவு பணத்தில்?

ஒரு பவுண்டுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் படிக்கும் பிள்ளைகள் இவர்கள். உபகாரச் சம்பளமோ பெற்றோரின் சேமிப்போ, எதுவானாலும் கணக்கு வேண்டும். செலவைப் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக்கட்டணம் என நான்காகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுதிப் பார்த்தால்தான் முதல் இரண்டு தலைப்பிலேயே பெரும்பகுதி போய்விடுவது தெரியும். ஆகவே மிச்சப்படுத்துவதும் அங்கேதான்.

16 முதல் 25 வயதினருக்கான ரயில் சலுகை அட்டை 2025இல் 35 பவுண்டு. அது டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். 105 பவுண்டு விலையுள்ள டிக்கெட்டுகளை வாங்கினாலே அட்டையின் விலை திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு மேல் எல்லாம் லாபம். வயது கடந்த முழுநேர மாணவர்களும் இதைப் பெறலாம். தேதியையும் நேரத்தையும் உறுதி செய்து முன்கூட்டியே வாங்கும் டிக்கெட் இன்னும் மலிவு. நேரம் இருப்பவர்களுக்கு நீண்டதூரப் பேருந்து அதைவிட மலிவு. தங்குவதற்கு 1930இல் தொடங்கப்பட்ட இளையோர் விடுதிச் சங்கத்தின் விடுதிகள் ஏரி மாவட்டத்திலும் வேல்ஸிலும் நிறைய உண்டு. பொதுச் சமையலறை இருப்பதால் நாமே சமைத்துக்கொள்ளலாம். சைவமாக இருப்பவர்களுக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் இது பணத்தைவிடப் பெரிய நிம்மதி.

மலிவுக்குள் ஒளிந்திருக்கும் செலவையும் பார்க்க வேண்டும். மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக் கட்டணம். சில நிறுவனங்கள் 'பாரிஸ்' என்று விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்துச் செலவையும் நேரத்தையும் சேர்த்தால் ரயில்கூட லாபமாக இருக்கலாம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்போம். அந்தச் சலுகை ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். பிரிட்டனில் படிக்கும் மலேசிய மாணவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

காப்புறுதியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. விசாவோடு மாணவர்கள் வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டுகிறார்கள். அது பிரிட்டனுக்குள் கிடைக்கும் சிகிச்சைக்கு மட்டும். ஐரோப்பாவில் கால் முறிந்தால் அது உதவிக்கு வரும் என்று நம்பிப் போகக் கூடாது. பயணக் காப்புறுதி தனியாக எடுத்தாக வேண்டும்.

தமிழ் மாணவருக்கு இரண்டு நாள்

லண்டனிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இரண்டு ஊர்களை நம் மாணவர்களுக்கென்றே சொல்ல விரும்புகிறேன்.

ஆக்ஸ்ஃபர்டு, ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே வால்ட்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் ஜி.யு. போப் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார் என்ற செய்தியை நாம் மேடையில் சொல்கிறோம், கட்டுரையிலும் எழுதுகிறோம். ஆனால் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் ஆக்ஸ்ஃபர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார், பேலியல் கல்லூரியில் சமயகுருவாக இருந்தார் என்பதும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு இந்தக் கல்லை நிறுத்தினார்கள் என்பதும்தான் இருக்கின்றன. எனக்கு இந்த உண்மை அந்தக் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. கடல் கடந்து ஒரு கல்லறைக்குத் தமிழர்கள் பங்கு கொடுத்திருக்கிறார்கள். நேரில் போய்ப் படிக்கிற மாணவர், பிறர் சொன்னதைத் தான் சரிபார்க்கலாம் என்பதையும் அங்கே கற்றுக்கொள்வார்.

கேம்பிரிட்ஜ், கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1914 முதல் 1919 வரை இங்கிலாந்தில் இருந்தார். டிரினிட்டி கல்லூரியில் ஹார்டியோடு பணியாற்றி 1916இல் பட்டமும் பெற்றார். அவரும் வெளிநாட்டில் படித்த மாணவர்தான். போர்க்காலம், கடுங்குளிர், சைவ உணவு கிடைக்காத நிலை, தானே சமைத்துச் சாப்பிட்ட தனிமை, பிறகு நோய். காணாமல் போனதாகக் கருதப்பட்ட அவருடைய கணிதத் தாள்கள் 1976இல் டிரினிட்டியின் ரென் நூலகத்தில்தான் அகப்பட்டன. நூலகம் பொதுமக்களுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் திறக்கும். பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

வகுப்பறையில் பயன்படுத்த

'வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் விடுமுறையைப் பயனுள்ள வழியில் கழிப்பது எப்படி?' என்ற கருத்து விளக்கக் கட்டுரைக்கு மேற்கண்ட நான்கு கேள்விகளையே நான்கு பத்திகளாக்கலாம். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கருத்து, அதற்கான காரணம், ஓர் எடுத்துக்காட்டு என மூன்றும் இருக்கட்டும். 'பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது அறிவுரை. '35 பவுண்டு அட்டை 105 பவுண்டுச் செலவில் தன் விலையை மீட்டுவிடும்' என்று எழுதினால் அது விளக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

கடப்பிதழ், குடிநுழைவு, காப்புறுதி, சலுகை அட்டை, மீள்பார்வை, தொண்டூழியர் ஆகிய சொற்களைச் சொந்த வாக்கியத்தில் அமைக்கச் சொல்லலாம். குழு நடவடிக்கைக்கு ஒரு சூழல்: நான்கு நண்பர்கள், இருவர் மலேசியர், ஒருவர் இந்தியர், ஒருவர் இலங்கையர். ஈஸ்டருக்கு ஐந்து நாள் இருக்கிறது, மே மாதம் தேர்வு. எங்கே போவார்கள்? ஒவ்வொரு குழுவும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏன் மற்ற இடங்களை விட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்வது எளிது. விட்டதற்குக் காரணம் சொல்லும்போதுதான் மாணவர்கள் உண்மையில் யோசிக்கத் தொடங்குவார்கள்.